சொல்லாத இளவரசனுக்கு எதிராக நான் பேசியது

ஒரு நூலுக்கு முதல் விமர்சனம் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை, செய்யப்படுகிறது. நான் சொல்லப்போகும் நூலுக்கு அதைச் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு தூரதேசத்திலிருந்து வந்து, நல்லதண்ணியில் ஒரு விடுதியில் தங்கி, சிவனொளிபாத மலைக்கு ஏறுமுன் தம் பையைத் தூக்கிப் பார்த்து, எந்தச் சுமையைக் கழிக்கலாம் என்று சிந்தித்து, இந்த நாவலைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனவர் அவர். இறங்கி வந்த பிறகும் அவர் அதைத் தேடவில்லை என்பதை இரண்டாவது விமர்சனமாகக் கொள்ளலாம்.

அந்த விடுதியின் சமையற்கட்டில் யாத்திரைச் சீசன் மாதங்களில் வேலை செய்தவர் என் சித்தப்பா. வெள்ளைக்காரர்கள் விட்டுச்செல்லும் பொருள்களை அவர் சேர்த்து வைத்திருந்து, வட்டகொடை ஸ்டேசனுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரும்போது கொண்டுவந்து பகிர்ந்தளிப்பார். ஒற்றைக் காலுறை, மூடி தொலைந்த தண்ணீர்ப் போத்தல், பாதி பிதுக்கிய பற்பசை. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சற்றுக் காலமே ஆகியிருந்த அந்தச் சீசனில், செங்கல்லின் கனத்தோடு ஓர் ஆங்கில நாவல் வந்தது.

“நீதான் இங்கிலீசு வாசிக்கிற ஆளாச்சே” என்று அதை என் மடியில் போட்டார். “புடிக்கலன்னா கதவுக்கு முட்டுக் குடு.”

நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தேன். விவாத மேடைகளில் அதுவரை தோல்வி கண்டதில்லை. வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவின் சுவரில் சாமி படங்களுக்கு இருந்த இடத்தைவிட என் கேடயங்களுக்கு இருந்த இடம் அதிகம் என்று அம்மா குறைபட்டுக்கொள்வார். அத்தகைய ஒருத்தி நூலைப் பெற்றவுடன் என்ன செய்வாள்? வாசிக்குமுன் உரையாற்றுவாள். தோட்டத்து வாசிகசாலைக்குச் சென்று, அறிவு தனியுடைமையாகாது என்ற பொருளில், காரம்பலகை ஆடிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி நிறுத்தி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தி, நாவலை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டேன். கைதட்டினார்கள். அதன்பிறகுதான் வாசிகசாலையின் விதி ஒன்று எனக்கு நினைவூட்டப்பட்டது: பருமனான நூல்களை வீட்டுக்குக் கொடுப்பதில்லை, அங்கேயே அமர்ந்துதான் வாசிக்க வேண்டும். அந்த விதியைச் சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முன்மொழிந்தவளும் நானே.

ஆகவே ஒவ்வொரு பிற்பகலும் தகரக் கூரையின்கீழ், கையில் அகராதியோடு, காரம்பலகைக் காய்களின் ஓசைக்கு நடுவே அந்நாவலை வாசித்தேன்.

கதை இதுதான். ஒரு கொல்லனின் மகள். வெட்டக்கூடாத மரமொன்றை அவள் தந்தை வெட்டிவிடுகிறார். அந்தக் காட்டின் அதிபதியோ மனித குலத்தைச் சேராத ஓர் இளவரசன். கூரிய காதுகளும், பல நூறு வயதாகியும் இளமை மாறாத முகமும் உடையவன். மரத்துக்கு ஈடாக மகள் ஓராண்டு தன் மாளிகையில் தங்க வேண்டும் என்கிறான். அவன் குலத்தவரால் பொய் சொல்ல முடியாது. இரும்பைத் தொடவும் முடியாது. அவளோ தந்தை அடித்துக்கொடுத்த இரும்பு மோதிரத்தைக் கழற்றுவதேயில்லை. எனவே இருவரும் நீண்டதொரு மேசையின் இரு முனைகளில் அமர்ந்து, பார்க்காதவர்கள்போல் பார்த்துக்கொண்டு, சாப்பிடுகிறார்கள். அடுத்த அத்தியாயத்திலும் சாப்பிடுகிறார்கள். அதற்கடுத்த அத்தியாயத்தில் அவள் சாப்பிடவில்லை. அதனால் அவனும் சாப்பிடவில்லை.

மேடையில் பயின்றவளுக்கு இது பெருஞ்சோதனை. எங்களுக்கு நேரம் முடியும் தறுவாயில் ஒரு மணி அடிப்பார்கள். முடிந்ததும் இன்னொரு மணி. இந்த இளவரசனுக்கு மணி அடிக்க ஆளில்லை. நூலின் பாதிவரை நான் அவனை ஒரு மோசமான பேச்சாளனாகவே கருதினேன்.

பிறகு ஒரு பிற்பகலில் எனக்கொன்று புலப்பட்டது. பொய் சொல்ல இயலாதவன், உண்மையைச் சொல்லவும் துணியாதவன், எப்படிப் பேசுவான்? ‘நான் போய்விட்டால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமா?’ என்று அவள் கேட்கிறாள். ‘இந்தக் காட்டில் பனி சீக்கிரம் இறங்கும்’ என்கிறான் அவன். இதைவிட நேர்த்தியான நழுவலை எந்த விவாத மேடையிலும் நான் கண்டதில்லை. அன்று முதல் அவன் வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையையும், மூடும் ஒவ்வொரு தடவையையும் கவனிக்கலானேன். அவன் எப்போது சொல்வான்? சொன்னால் எந்தச் சொல்லால் சொல்வான்? இவ்விரு கேள்விகளும் என் பரீட்சைப் பெறுபேற்றை மறக்கடித்தன.

வீட்டில் அம்மாவுக்கும் அதே நோய் தொற்றியது. கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கூடையை இறக்குமுன் கேட்பார், மா பிசையும்போதும் கேட்பார்.

“இன்னைக்காச்சும் சொன்னானா?”

“இல்லம்மா.”

“அப்ப என்னாதான் செஞ்சான்?”

“ஜன்னலச் சாத்துனான்.”

“எதுக்கு?”

“அவளுக்குக் குளிரும்னு.”

ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்த கையை அம்மா நிறுத்தினார். “அப்பச் சொல்லிட்டான்டி” என்றார்.

மறுநாள் மலையில் அடுத்தடுத்த நிரைகளில் நின்ற பெண்களுக்கு ஜன்னல் சாத்திய செய்தி போய்ச் சேர்ந்தது. அது சொன்னதாகுமா ஆகாதா என்று இரு பிரிவாகவும் பிரிந்தார்களாம். அந்த வாரத்துக்குள், பீலிக்கரையில் குடத்தோடு நின்றாலும் கடைக்குப் போனாலும், என்னைக் கண்டவர்கள் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு, “சொன்னானா?” என்றே கேட்கத் தொடங்கினார்கள்.

வாசிகசாலையில் மாதந்தோறும் ஆய்வுரை நிகழ்த்துவது என் பொறுப்பு. நூலை முடிக்காமல் ஆய்வுரை நிகழ்த்துவதில்லை என்பது என் கொள்கை. ஆனால் மாதம் முடிந்துவிட்டது, நாவல் முடியவில்லை. ‘இடைக்கால ஆய்வுரை’ என்று பெயர் சூட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றேன். அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. இளவரசனின் குலத்தைத் தமிழில் என்னவென்று அழைப்பது? தேவதை என்றால் கேட்பவர் மனத்தில் சேலை கட்டிய உருவமே எழும். பேய் என்றால் அவனுக்கு இழுக்கு. காட்டில் வாழ்பவன், முன்கோபி, மரத்தில் கை வைத்தவரைச் சும்மா விடாதவன்: இம்மூன்று இலக்கணமும் பொருந்தும் ஒருவரைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே, “முனி என்று வைத்துக்கொள்வோம்” என்றேன். சபை உடனே விளங்கிக்கொண்டது. அளவுக்கு மிஞ்சி விளங்கிக்கொண்டது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் பெக்டரியில் கொழுந்து அரைக்கும் மெசினின் பெல்ட் அறுந்தது.

எங்கள் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தில் ரோதமுனி என்ற தெய்வம் குடியிருப்பதாக நம்பிக்கை. ஆண்டுதோறும் அவருக்குப் பூசை உண்டு, கிடாய் உண்டு. பெல்ட் அறுந்த செய்தியும், வாசிகசாலையில் நான் ஒரு முனியின் காதலை விரித்துரைத்த செய்தியும் ஒரே நேரத்தில் தோட்டத் தலைவரின் காதுக்குப் போயின. அவர் தொழிற்சங்கத்துக்கும் தலைவர், கோயிலுக்கும் தலைவர், வாசிகசாலைக்கும் தலைவர். மூன்று பதவிகளையும் ஒரே சால்வையில் போர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“ஏம்மா பேச்சாளரே, முனிய ஒரு பொம்பளப் புள்ள காதலிக்கிறதா நின்னு பேசுனியாமே?”

“அது கதைங்க தலைவரே.”

“கதைன்னு அவருக்குத் தெரியுமா? பெல்ட்ட அத்துட்டாரே! இப்ப பெரிய தொரைக்கு நானா பதில் சொல்றது?” நாவலை எடுத்துத் திருப்பினார். அட்டையில், நிலவொளியில், இளவரசன் நின்றுகொண்டிருந்தான். தலைவரின் முகம் மேலும் சுருங்கியது. “இவருக்குச் சட்டையும் இல்ல.”

நூல் அன்றே கோயில் பெட்டகத்துக்குள் போய்ப் பூட்டப்பட்டது. நான் வாசித்து நிறுத்திய இடத்தில், இளவரசன் நீண்ட மேசையின் தன் முனையிலிருந்து முதன்முறையாக எழுந்து, அவளை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தான். பெட்டகத்துக்குள் அவன் நடந்துகொண்டே இருந்தான்.

அது மாசி மாதம். காமன் கம்பம் ஊன்றிவிட்டார்கள். எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து என்றால் எல்லாரும் அறிவார்கள்: மன்மதன் சிவனின் கண்ணால் எரிந்து, ரதி அழுது, முடிவில் உயிர் மீளும் கதையைக் காமன் பொட்டலில் நாள்கணக்கில் ஆடுவது. அதையொட்டி லாவணி ஒன்றும் உண்டு. மன்மதன் எரிந்தான் என்று ஒருவர் பாட, எரியவில்லை என்று இன்னொருவர் மறுத்துப் பாடுவார். எங்கள் தோட்டத்தின் எரிந்த கட்சிக்காரரும் எரியாத கட்சிக்காரரும் சம்பந்திகள். அவ்வாண்டு கல்யாணச் சாப்பாட்டில் யாருக்கோ இறைச்சி போதாமல் போனதால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பேச்சை நிறுத்தியவர்களைக் கொண்டு வாதம் நடத்துவது எப்படி? தலைவர் தவித்துக்கொண்டிருந்தபோது, அதே வாரத்தில், நூலை என்ன செய்வது என்ற பிரச்சினையும் அவர் கையில் இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டினார்.

“லாவணி மாதிரியே வச்சுருவோம். பொஸ்தகம் இருக்கணும்னு ஒரு கட்சி, போகணும்னு ஒரு கட்சி. இருக்கணும்னு தீர்ப்பு வந்தா வாசிகசாலையில இருக்கட்டும். போகணும்னு வந்தா டவுன்ல கடலக்காரருக்குக் குடுத்துருவோம். நல்ல கனமான தாளு. சுருள் சுத்த ஏத்தது.”

என் இளவரசன் கடலைச் சுருளாவதா? தலவாக்கலை பஸ் நிலையத்தில் யாரோ ஒருவர், அவன் சொல்லப்போகும் அந்த ஒரு வாக்கியத்தைக் கசக்கி ஜன்னல் வழியே எறிவதா? ஆயினும் கவலைப்படவில்லை. பேசப்போகிறவள் நானல்லவா? நூலின் பக்கம் நின்று பேசினால் தீர்ப்பு என்னவாகும் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

பேசுவோர் இருவர்: நானும் என் தோழியும். அவள் எங்கள் லயத்திலேயே அடுத்த காம்பராவில் வளர்ந்தவள். நான் ஒரு தலைப்புக்கு ஒரு வாரம் தயார் செய்வேன். அவள் மேடைக்கு ஏறும் படிக்கட்டில் தலைப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். நூல்களை வாசிப்பது அவற்றை அவமதிப்பதாகும் என்பதுபோல ஒரு மரியாதையான தூரத்தில் அவற்றை வைத்திருந்தாள். குரல் மட்டும் மணியானது.

நடுவர், எங்கள் பாடசாலையில் தமிழ் கற்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியர். எங்கள் இருவரையும் மேடையேறப் பழக்கியவர். பிழையான தகவல் ஒன்றை மேடையில் திருத்தாமல் விட்டு இறங்குபவன் பேச்சாளனே அல்லன் என்பது அவர் அடிக்கடி சொல்லும் பாடம்.

யாருக்கு எந்தக் கட்சி என்பதை எப்படி முடிவு செய்வது என்று தலைவர் கேட்டபோது, நான் ஒரு தவற்றைச் செய்தேன். பலர் முன்னிலையில், நிமிர்ந்து நின்று, “உண்மையான பேச்சாளருக்குச் சொந்தக் கட்சி கிடையாதுங்க, எதைக் கொடுத்தாலும் வெல்வேன்” என்றேன். அப்படியானால் சாமியே தீர்மானிக்கட்டும் என்று பூசாரி, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் இலையில் பொதிந்து தட்டில் வைத்தார். வெள்ளை, நூல் இருக்கும் கட்சி. சிவப்பு, போகும் கட்சி. தோழி ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை.

“மாத்திக்கலாமா புள்ள?” என்று என் காதருகில் கேட்டாள். “ஒன் மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு.”

“தேவையில்ல” என்றேன். மேடை என்னை அப்படித்தான் வளர்த்திருந்தது.

வீட்டில் அம்மா அடுப்பைவிடச் சூடாக இருந்தார். “எல்லாரும் அவன் சொல்லுவானான்னு காத்துக்கிட்டு கெடக்கிறோம். நீயே போயி அவனக் கடலக்காரருக்குப் புடிச்சுக் குடுக்கப் போறியா?”

“அம்மா, அது விவாத தர்மம்.”

“தர்மமா? நல்லா இருக்குடி ஒன் தர்மம்.”

மோசமாகப் பேசிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. சொதப்பலான உரையொன்றைத் தயாரிக்கவும் அமர்ந்தேன். ஆனால் எழுத எழுத அது தானே திருந்திக்கொண்டது. எதுகை வந்தது, அடுக்கு வந்தது, கைதட்டலுக்கான இடைவெளிகளும் வந்தன. படுக்கப் போகும்போது, என் வாழ்நாளின் மிகச் சிறந்த உரை என் கையில் இருந்தது. நான் உயிராக நேசித்த ஒன்றை அழிக்கப் போதுமான உரை.

ஞாயிறு பிற்பகல் காமன் பொட்டலில் தோட்டமே கூடிவிட்டது. முன்வரிசையில் அம்மாவும் அவருடைய நிரைக்காரிகளும். நான் முதலில் பேசினேன்.

“நடுவர் அவர்களே! அட்டையை நினைத்துப் பாருங்கள். ஆடை அணியக்கூட நேரமில்லாத இந்த இளவரசனுக்கு, ஒரு பெண்ணின் கையைப் பிடிக்க நூற்றுக்கணக்கான பக்கங்கள் எடுக்க மட்டும் நேரமிருக்கிறது! இவன் நம் மலையில் கொழுந்தெடுக்க வந்திருந்தால், விடிகாலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்து சேருவதற்குள் அந்தி சாய்ந்திருக்கும். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு இவனுக்கு அரைநாள் சம்பளத்துக்குக்கூடப் பேர் போட்டிருக்க மாட்டார்!” பொட்டல் அதிர்ந்தது. பெண்பிள்ளைகளை மயக்கும் நூல் என்றேன். முனிகளின் சினத்தைக் கிளறும் நூல் என்றேன். அறுந்த பெல்ட்டைச் சாட்சிக்கு அழைத்தேன். தலைவர் பெருமூச்சுடன் தலையசைத்தார். என் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு கடலைச் சுருளாக என் கண்முன் சுருண்டன. கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று. அம்மா கைதட்டவில்லை.

தோழி எழுந்தாள். முந்தானையைச் சரி செய்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே பாதி மதிப்பெண் போடலாம்.

“பெரியோர்களே, தாய்மார்களே! இந்தப் புத்தகத்தில் குற்றம் எங்கே இருக்கிறது? இந்த இளவரசன் அந்தப் பெண்ணை முதல் பக்கத்திலேயே பார்த்து, இரண்டாம் பக்கத்திலேயே கையைப் பிடித்து, மூன்றாம் பக்கத்திலேயே தாலி கட்டி, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனாகி…”

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை.

“…அவளுக்குத் தினமும் இனிக்க இனிக்க ஆயிரம் பொய் சொல்லிக் குடும்பம் நடத்துகிறான். எந்த வீட்டில்தான் இல்லை? எல்லாவற்றுக்கும் மேலாக, இவன் யார்? நம்முடைய ரோதமுனிக்குச் சொந்தத் தம்பி! தம்பியின் புத்தகத்தைக் கடலைக்காரருக்குப் போட்டால், அண்ணன் சும்மா இருப்பாரா? அறுந்த பெல்ட்டுக்குக் காரணம், நாம் இந்த நூலை அவமதித்ததுதான்!”

சபை தலைவரைப் பார்த்தது. தலைவர் பூசாரியைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. மறுப்புரைக்கு நடுவர் என்னை அழைத்து முடிப்பதற்குள் நான் ஒலிவாங்கியின் முன் நின்றேன்.

“நடுவர் அவர்களே, இதுபோன்றதொரு பிழையான தகவலை என் வாழ்நாளில் கேட்டதில்லை! இரண்டாம் பக்கத்தில் கை பிடித்தானாம்! யார் சொன்னது? அவன் விரல் நுனிகூட அவள்மீது பட்டதில்லை. நீண்ட மேசையின் ஒரு முனையில் அவன், மறுமுனையில் அவள். அவள் அறைக்குள் நுழைந்தால் அவன் எழுந்து நிற்பான். அவள் அமர்ந்த பிறகுதான் அமர்வான். அவள் சாப்பிடாத அன்று அவனும் சாப்பிடவில்லை!”

முன்வரிசையில் ஒரு பெண் மற்றவளிடம், “எங்க வீட்டுல உள்ளது நான் திங்காட்டி என் பங்கையும் சேத்துத் தின்னும்” என்றார். பொட்டலில் சிரிப்பு எழுந்தது. நான் நிறுத்தவில்லை.

“ஆயிரம் பொய் சொன்னானாம்! நடுவர் அவர்களே, பொய் சொல்லவே முடியாத குலத்தில் பிறந்தவன் அவன். ஒரு சொல் பொய்யாகிவிடுமோ என்று அஞ்சியே இத்தனை அத்தியாயங்களாக வாய் திறவாமல் இருக்கிறான். உலகில் எந்த ஆண்மகன் அப்படி இருந்தான்? சொல்லுங்கள்!”

சில ஆண்கள் காமன் கம்பத்தைப் பார்த்தார்கள்.

“கடைசியாக, ரோதமுனிக்குத் தம்பி என்றார்கள். இதைவிட அபத்தம் உண்டா? ரோதமுனி யார்? இரும்புச் சக்கரத்திலேயே குடியிருப்பவர். இரும்பே அவர் வீடு. இந்த இளவரசனோ ஒரு சிறிய இரும்பு மோதிரத்தைக் கண்டாலே பின்வாங்குபவன்! பெக்டரி வாசலைக்கூட மிதிக்க முடியாதவன்! இவனுக்கும் அவருக்கும் என்ன உறவு? இவனுக்கும் அந்த பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? பெல்ட் அறுந்தது அது பழையது என்பதால்! இதை நான் இந்தச் சபையில் அறைகூவிச் சொல்கிறேன்!”

மேசையைத் தட்டினேன். பொட்டல் அதிர்ந்தது. அம்மா எழுந்து நின்று கைதட்டினார். அம்மா ஏன் கைதட்டுகிறார் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்குள் எழுந்தது.

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிள்ளை, ஒரு சின்னச் சந்தேகம். நீர் எந்தக் கட்சி எண்டு எனக்கு ஒருக்கால் சொல்லும் பாப்பம்.”

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். இந்தக் காட்டில் பனி சீக்கிரம் இறங்கும் என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

தோழி தன் முடிவுரைக்கு எழுந்தாள். “நான் சொல்ல வேண்டியது எல்லாத்தையும் இவங்களே சொல்லிட்டாங்க. நன்றி, வணக்கம்.” அமர்ந்துவிட்டாள். நான் கேட்ட முடிவுரைகளிலேயே மிகக் குறுகியது அது. ஒரு தொழிற்கலைஞர் என்ற முறையில் அதன் நேர்த்தியை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

நடுவர் தீர்ப்பளித்தார். “புத்தகம் இருக்கோணும் எண்ட கட்சி வெண்டது.”

“ஐயா!” நான் எழுந்தேன். “நூலுக்கு ஆதரவான வாதங்கள் அனைத்தும் என்னுடையவை அல்லவா? அப்படியானால் வென்றவள் நானல்லவா?”

“ஓம், நீர்தான் வெண்டனீர். உம்மட கட்சியை வெண்டுபோட்டீர். இரும் பிள்ளை, இரும்.”

தலைவர் இன்னும் தெளியவில்லை. என்னை அருகில் அழைத்துத் தணிந்த குரலில் கேட்டார். “நெசமாவே இரும்பக் கண்டா பயப்படுவாராம்மா?”

“ஆமாங்க தலைவரே. மோதிரத்துக்கே.”

அவர் முகம் விரிந்தது. “அப்ப இது முனி இல்ல. சும்மா பயந்தாங்கொள்ளிப் பய.” பெட்டகத்தைத் திறக்கச் சொன்னார். நூலை வாங்கி அட்டையை மறுபடியும் பார்த்து, சற்றுத் தயங்கி, பழைய கலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவரப் பணித்தார். “எதுக்கும் இவருக்கு ஒரு சட்டையப் போட்டு வைங்க. பொம்பளப் புள்ளைங்க வர்ற எடம்.” அதிலிருந்த முருகப் பெருமானும் இரு தேவியரும் உள்பக்கமாகத் திரும்பும்படி அட்டை போடப்பட்டது.

வென்றவளுக்கு வெற்றிலை, தேங்காய், ஒரு பொன்னாடை. தோழி பொன்னாடையைப் போர்த்திக்கொண்டே என்னுடன் லயத்துக்கு நடந்து வந்தாள். எனக்கு அவள் மீதிருந்த கோபத்துக்கு அளவில்லை.

“ஒரு பக்கமாவது வாசிச்சியாடி நீ?”

“எதுக்கு வாசிக்கணும்? வாசிச்சிருந்தா சரியாச் சொல்லியிருப்பேன். சரியாச் சொன்னா நீ எதுக்கு எந்திரிப்ப?”

நடப்பதை நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை.

“நீ அவ்வளவு நல்லாப் பேசுனதுக்கு அப்புறம் நான் என்னா பேசி செயிக்கிறது புள்ள? ஒன்னைய செயிக்க ஒன்னால மட்டுந்தான் முடியும். அதான் கிண்டி விட்டேன்.” தேங்காயை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். “மூணு புள்ளைங்க அதிகமோ?”

“மிக அதிகம்” என்றேன். என் முதல் தோல்வி. அதைச் சுவரில் எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை.

மறுநாள் வாசிகசாலை திறக்குமுன் வாசலில் நின்றேன். காரம்பலகைக்காரர்கள்கூட அன்று ஆடவில்லை. பெட்டகத்தில் நடந்துகொண்டிருந்த இளவரசன் மேசையின் மறுமுனைக்கு வந்து சேர்ந்தான். அவள் மோதிரத்தைக் கழற்றப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்து, இரும்பு இருந்த அந்தக் கையையே பிடித்தான். தோல் கருகியது. அப்போது சொன்னான்.

இவ்வளவு காத்திருப்புக்குப் பின் ஒரு நீண்ட உரையை எதிர்பார்த்திருந்தேன். உவமைகளை, அடுக்குகளை. நானாக இருந்திருந்தால் மூன்று பத்திகளுக்குக் குறைத்திருக்க மாட்டேன். அவன் சொன்னது இரண்டே சிறு வாக்கியங்கள். முதலில் அதைக் குறையென்று கருதி, மீண்டும் வாசித்தேன். மீண்டும் வாசித்தேன். பின்னர் நூலை மூடி மடியில் வைத்துக்கொண்டு, காரம்பலகைக்காரர்கள் கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் அமர்ந்திருந்தேன்.

அந்தியில் எங்கள் காம்பரா வாசலில் அம்மாவும், தோழியும், நிரைக்காரிகள் பலரும் கூடியிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்கள்.

“சொல்லிட்டான்” என்றேன்.

“என்னான்னு?”

“அவ கையப் புடிச்சான். இரும்பு மோதிரத்தோட. கை வேகுது. அவன், ‘வலிக்குது. விடமாட்டேன்’னான்.”

தோழிதான் முதலில் வாய் திறந்தாள். “அவ்வளவுதானா? இதுக்கா நீ தோத்த?”

“இதுக்குத்தான்.”

அம்மாவின் நெற்றி சுருங்கியிருந்தது. “அது சரிடி. கை வெந்துச்சே, அவ ஏதாச்சும் எண்ண கிண்ண போட்டாளா?”

மற்றப் பெண்களும் என் பக்கம் திரும்பினார்கள். அது எல்லாருக்கும் முக்கியமான கேள்வியாகத்தான் இருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். அடுத்த பக்கத்தில் திருமண ஏற்பாடுகள் தொடங்கிவிடுகின்றன; அதற்கடுத்ததில் விருந்து. அந்தக் கையைப் பற்றி நூலாசிரியர் அதன்பின் ஒரு சொல்லும் எழுதவில்லை.

மறுமாத முழுமையான ஆய்வுரையில், அந்நாவலின் உரையாடல் திறனையும், காத்திருக்க வைக்கும் ஆற்றலையும் நான் விரிவாகப் பாராட்டினேன். வெந்த கைக்கு யாரும் மருந்து போடவில்லை என்பதை ஒரு பெருங்குறையாகவும் பதிவு செய்தேன். சபை அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.